இரண்டும் இடது

பச்சை பார்கோ, ஐம்பத்தெட்டாம் வருசத்து மாடல்.
பின்பம்பரைத் தாங்கிய பிராக்கெட் இரண்டும்
உப்புக்காற்றில் ஊறிய பிஸ்கட்டாகி
சாயல்குடிக்கு இந்தப் பக்கம் ஒரு வேகத்தடையில் உதிர்ந்தன.
நண்டுப் பெட்டிகளுக்குச் சேதமில்லை.
பம்பரை வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டி
எஃப்.சி.க்குப் போனேன்.
ஆய்வாளர் கயிற்றை ஒருதரம் சுண்டினார்.
"இப்படி ஆட்டைக் கட்டிட்டு வாம்மா,
பம்பரைக் கட்டிட்டு வராத."
மாதக் கடைசிவரை கெடு.

காலண்டரில் முடிந்த ஜூனைக் கிழித்து
வெள்ளைப் பக்கத்தைச் சேஸின் நுனியில் வைத்து
கிரீஸ் விரலால் அழுத்தினேன்.
மூன்று கறுப்பு வட்டம்,
நடுவில் உள்ளது மட்டும் கொஞ்சம் தாழ.
அந்தக் கொஞ்சம்தான் என்னை
மூன்று வாரம் அலைக்கழித்தது.

கேணிக்கரைப் பழைய இரும்புக் கடையில்
"சோழி உருட்டுன மாதிரி இருக்கே" என்று தாளைத் திருப்பினார்கள்.
எடுத்துத் தந்தது பிந்திய மாடல்,
துளைக்குத் துளை அரை இஞ்சு கூடுதல்.
"ரெண்டு அடி அடிச்சா உக்காந்துரும்."
அடித்து உட்கார வைத்த வண்டிகளை எனக்குத் தெரியும்.
பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கும்.
பரமக்குடியில் கிடைத்தது லாரியுடையது,
கேட்டுக்குக் கீல் வைக்கலாம்.
மதுரைக்காரன் போனிலேயே சத்தியம் செய்தான்.
பஸ்ஸில் வந்தது சாக்கு, மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
தாளின்மேல் வைத்தேன்.
வட்டத்துக்குள் வட்டம் விழுந்தது.
என் உடம்பே லேசாகிவிட்டது.
வண்டிக்கு அடியிலிருந்து சிக்கந்தர் கேட்டான்:
"அக்கா, இதுல வலது எது?"

தலைகீழாய்ப் பிடித்தால்
கை சரியான பக்கம் வளைகிறது,
நடுத்துளை மேலே போய்விடுகிறது.
நேராய்ப் பிடித்தால் துளை சரி,
கை வண்டிக்கு உள்ளே மடங்குகிறது.
ஒரு மணிநேரம் மாறிமாறித் திருப்பினோம்,
எண்ணெய் மணக்கும் எங்கள் நான்கு கைகளும்
அதைப் பழக்கிவிடும் என்பதுபோல.

ஐஸ் இறக்கும் பையன்தான் சொன்னான்,
வாலிநோக்கத்து உப்பளத்தில்
ஒரு என்ஜினுக்கடியில் இதேபோல் ஒன்று.

வில்லாயுதம் பாத்தியை விட்டு ஏறி வரும்முன்
குனிந்து உப்பைச் சுரண்டிவிட்டேன்.
மூன்று துளை. நடுத்துளை தாழ.
கை வலப்பக்கம்.
"தர மாட்டேன்" என்றார், நான் கேட்பதற்குள்.
"பதினாறு வருசமா நிக்கிது."
விலை சொல்லச் சொன்னேன்.
"வேல பாக்குற இரும்புக்கு வெல என்னன்னு சொல்ல?"
நான் சாக்கை அவிழ்த்து
உபரி இடதை நீட்டினேன்.
வாங்கினார், என்ஜினுக்கடியில் கொடுத்துப் பார்த்தார்,
பிறகு இன்னொருதரம் பார்த்தார்.
அங்கே வேண்டியிருந்தது முதலிலிருந்தே இடதுதான்.
வலதை நிற்கவைக்க
இரண்டு செங்கல் துண்டும் ஒரு ரப்பர் செருப்பும்
இத்தனை வருசம் முட்டுக் கொடுத்துக் கிடந்தன.
செருப்பை உருவித் தட்டினார்.
"இதோட சோடி வீட்டுல சும்மாதான் கெடக்கு."

மூக்கையூர்க் கரையில், வள்ளங்களுக்குப் பக்கத்தில்
போல்ட்டுகள் ஆறும் விரலுக்கே ஏறின.
சாவி கடைசிச் சுற்றுக்கு மட்டும்.
தள்ளி நின்று பார்த்தோம்.
பம்பர் கோணல்.
சிக்கந்தர் ஒன்றும் பேசவில்லை.
நான் மணலில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி
பம்பரைக் கடலின் கோட்டோடு சேர்த்தேன்.
இம்மி பிசகவில்லை.
சாய்ந்திருந்தது தொட்டி.
இடப்பக்கத்து மரக்கட்டை மக்கி
எந்த வருசத்திலிருந்தோ இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது,
கோணல் பம்பர் அதை மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கட்டைக்கு அளவெடுக்க வேண்டும்.
ஜூலையைக் கிழிக்க முடியாது,
சந்தியாகப்பர் திருநாளை அதில் மகள் வட்டமிட்டிருக்கிறாள்.
ஜூன் தாளின் மூலையில் இன்னும்
ஒரு சாண் வெள்ளை இருக்கிறது.